ஊணு ரெடி, சாப்பாடு தயார், மீல்ஸ் ரெடி!
எல்லைக் கடைகளில் கிடைக்கும் இலவச ஆங்கிலப் பாடம்

கம்பத்திலிருந்து மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறி வரும் வண்டிகள் மூச்சு வாங்கி நிற்கும் இடம் கம்பம்மெட்டு. இந்தப் பக்கம் தேனி மாவட்டம். அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டம். விடிந்தும் விடியாத பொழுதில் ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்களைச் சுமந்துகொண்டு ஜீப்புகள் வரிசையாக ஏறுகின்றன. சபரிமலை சீசனில் ஐயப்ப பக்தர்களின் வாகனங்களை இவ்வழியே திருப்பிவிடுவதும் வழக்கம். இப்படி வருவோர் போவோர் எல்லோரையும் முதலில் வரவேற்பது சோதனைச் சாவடி. அடுத்தபடியாக வரவேற்பவை சாப்பாட்டுக் கடைகள்.

தமிழ்நாட்டுக் கடைகளில் 'சாப்பாடு தயார்' என்று எழுதுவார்கள். கேரளக் கடைகளில் 'ஊணு ரெடி' என்று எழுதுவார்கள். இரண்டு மாநிலத்துக்கும் பொதுவாக 'மீல்ஸ் ரெடி' என்றொரு பலகையும் உண்டு. 'ஊண்' என்பது பழந்தமிழில் உணவைக் குறிக்கும் சொல்தான். நாம் அதை ஏட்டில் விட்டுவிட்டோம். மலையாளிகள் இலையில் வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள். அதன் பக்கத்தில் நிற்கும் 'ரெடி' ஆங்கிலம். ஆக, இரண்டே சொல் எழுதிய ஒரு பலகையில் மூன்று மொழிகள் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. இடுக்கி மாவட்டத்துத் தமிழ்க் குடும்பங்களில் இன்று பெரிய கவலை எது என்று கேட்டால், பிள்ளைகளின் ஆங்கிலம் என்றுதான் பதில் வரும். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், வேலைக்கு ஆங்கிலம் என்று மூன்று பாரங்களை அந்தக் குழந்தை சுமக்கிறது. தேக்கடியிலும் மூணாற்றிலும் ஹோட்டல்கள் பெருகிவிட்டன. வெளிநாட்டுப் பயணிகள் வருகிறார்கள். பரிமாறுவதிலிருந்து வரவேற்பறை வரை எல்லா வேலைக்கும் நாலு வார்த்தை ஆங்கிலம் கேட்கிறார்கள். தமிழ் வழியில் படித்த பையனுக்கு வேலை தெரியும், பேசத்தான் கூச்சம். கூச்சத்தின் காரணமாகப் பின்வரிசையில் நின்று பாத்திரம் கழுவுகிறவன், அதே திறமையுள்ள இன்னொருவன் முன்னால் போய் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாகிறது.

இந்தக் கூச்சத்துக்கு மருந்து இலக்கணப் புத்தகத்தில் மட்டும் இல்லை. சாப்பாட்டு மேஜையிலும் இருக்கிறது.

ஏற்கெனவே தெரிந்த ஆங்கிலம்

நமக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொல்லிக்கொள்வதே முதலில் சரியல்ல. டீக்கடையில் நின்று காது கொடுத்தால் போதும். 'ஸ்ட்ராங்', 'லைட்', 'மீடியம்', 'வித்அவுட்', 'பார்சல்', 'ஸ்பெஷல்', 'ஹாஃப் பாயில்', 'சைடு டிஷ்' என்று வார்த்தைகள் சரமாரியாக விழும். பள்ளிக்கூடத்தையே பார்க்காத பெரியவர்கூட 'ஒரு வித்அவுட்' என்று கேட்டுச் சர்க்கரை போடாத டீ குடிக்கிறார்.

ஆனால் இவற்றில் சில, எல்லையைத் தாண்டினால் செல்லாத நாணயங்கள். 'ஹாஃப் பாயில்' என்று நாம் கேட்டால் ஒரு பக்கம் மட்டும் பொரித்த முட்டை வரும். அதே முட்டையைக் கேரளக் கடைகளில் 'புல்ஸ் ஐ' என்பார்கள். வெளிநாட்டுக்காரருக்கு 'ஹாஃப் பாயில்ட்' என்றால் பாதி வெந்த, ஓட்டோடு கூடிய முட்டைதான் நினைவுக்கு வரும். அவர் நம் முட்டையை 'ஃபிரைட் எக்' என்றோ 'சன்னி சைடு அப்' என்றோ கேட்பார். மஞ்சள் கரு மேலே தெரிவதைச் சூரியனாகப் பாவித்து வைத்த பெயர் அது.

'முருங்கைக்காய்' கதை இதைவிடச் சுவாரஸ்யமானது. இந்திய ஆங்கிலத்தில் அது 'ட்ரம்ஸ்டிக்'. இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ 'ட்ரம்ஸ்டிக்' கேட்டால் கோழிக்கால் தட்டில் வந்து விழும். விரதம் இருக்கிறவர் பாடு திண்டாட்டம்தான். இதே மரத்துக்குத் தாவரவியலார் வைத்த 'மொரிங்கா' என்ற பெயர் நம் 'முருங்கை'யிலிருந்து போனது. இன்று முருங்கை இலைப்பொடியை மேல்நாட்டுக் கடைகளில் அந்தப் பெயரில்தான் விற்கிறார்கள்.

கத்திரிக்காயை நாம் 'பிரிஞ்சால்' என்போம். அது போர்ச்சுகீசியர் வழியாக இந்திய ஆங்கிலத்துக்கு வந்த சொல். இங்கிலாந்தில் 'ஓபர்ஜீன்', அமெரிக்காவில் 'எக்பிளான்ட்'. வெண்டைக்காய் நமக்கு 'லேடீஸ் ஃபிங்கர்', அமெரிக்கருக்கு 'ஓக்ரா'. நம் ஊர் ஹோட்டலில் 'மட்டன்' என்றால் பெரும்பாலும் வெள்ளாடு, மேல்நாட்டில் செம்மறி. மலைக்கு மேலே ஒரு பெயர், கீழே ஒரு பெயர் என்று பழகியிருக்கும் எல்லைவாசிகளுக்கு இது புதிய சங்கதியே அல்ல. 'வெள்ளம்' என்றால் மேலே குடிநீர், கீழே பிரளயம். 'மதி' என்றால் மேலே 'போதும்', கீழே நிலவு அல்லது அறிவு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடத் தெரிந்தவனுக்கு ஆங்கிலத்தின் குழப்பங்கள் எம்மாத்திரம்?

தோட்டத்தில் ஒரு அகராதி

ஏலக்காய் ஸ்டோரில் வேலை செய்யும் பெண்களுக்கு ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருள் தெரியும். அது பல பட்டதாரிகளுக்குத் தெரியாது. அந்தச் சொல் 'போல்ட்'.

பள்ளிக்கூடத்தில் 'போல்ட்' என்றால் தைரியசாலி. வாசனைத் திரவிய வாணிபத்தில் 'போல்ட்' என்றால் பருமனானது, திரட்சியானது. ஏலக்காயின் உயர்ந்த தரங்களில் ஒன்றுக்கு 'ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்ட்' என்று பெயர். 7 மில்லிமீட்டர் அளவுள்ள பெருங்காய்கள் அதில் சேரும். அதற்கடுத்தது 'போல்ட்', அதற்கும் அடுத்தது 'சுப்பீரியர்'. திருவிதாங்கூர் மன்னராட்சிக் காலத்தில் ஏலக்காய் வாணிபம் அரசின் ஏகபோகமாக இருந்தது. அதன் பண்டகசாலை ஆலப்புழையில் இருந்தபடியால் மலையில் விளைந்த காய்க்குக் கடலோர ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று ஏலம் போடுவது ஆலப்புழையில் அல்ல. கம்பம்மெட்டுக்குச் சமீபமான புற்றடியிலும், மலைக்குக் கீழே போடிநாயக்கனூரிலும் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையங்கள் இருக்கின்றன.

மிளகுக்கு வாருங்கள். 'மலபார் கார்பிள்ட்' என்பது மிளகின் தரப்பெயர். சாதாரண ஆங்கிலத்தில் 'கார்பிள்ட்' என்றால் குழம்பிப்போன, தாறுமாறான பேச்சு. மிளகு வாணிபத்திலோ தூசி தும்பு நீக்கிச் சுத்தம் செய்தது என்று பொருள். ஒன்றுக்கொன்று நேர் எதிர்! சல்லடையில் சலிப்பதைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து இத்தாலி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது இது. சலித்துப் பொறுக்குவது என்பதே அதன் பழைய அர்த்தம். ஒருவர் பேச்சிலிருந்து வேண்டியதை மட்டும் பொறுக்கிச் சிதைத்துச் சொல்வது என்ற அர்த்தம் பிற்பாடு ஏற்பட்டது. பழைய அர்த்தத்தை அகராதிக்காரர் மறந்தாலும் மிளகு வியாபாரி மறக்கவில்லை.

பச்சை ஏலக்காயைப் பக்குவமாக உலர்த்துவதற்குக் 'க்யூரிங்' என்று பெயர். அதே 'க்யூர்' நோயைக் குணப்படுத்துவதையும் குறிக்கும். கெட்டுப்போகாமல் காப்பது, கெட்டதைச் சீராக்குவது என்று இரண்டு பொருள்களும் ஒரே சொல்லில் அடங்கியிருக்கின்றன.

தாயாரின் கைகளில் பழகிய இந்தச் சொற்களை மகன் பள்ளிக்கூடத்தில் சொல்லத் தயங்குகிறான். அது தோட்ட வேலைக்காரர் பேச்சு என்று அவனுக்கு ஒரு எண்ணம். அதுவும் சுத்தமான ஆங்கிலம்தான். அதுவும் உலகச் சந்தையில் விலை பேசும் ஆங்கிலம் என்று ஆசிரியர் ஒருவர் அவனுக்கு எடுத்துச் சொன்னால், அந்தப் பையன் நிமிர்ந்து உட்காருவான்.

நாம் கொடுத்த சொற்கள்

ஆங்கிலேயர் மேஜையில் நம் சொற்களும் இருக்கின்றன. 'கறி' நம்முடையது. 1747-ஆம் ஆண்டில் லண்டனில் ஹன்னா கிளாஸ் என்ற அம்மையார் வெளியிட்ட சமையல் புத்தகத்திலேயே இந்திய முறைக் கறிக்குப் பக்குவம் இருக்கிறது. 1810-இல் சேக் தீன் முகமது என்ற இந்தியர் லண்டனில் 'ஹிந்துஸ்தானி காபி ஹவுஸ்' என்ற உணவு விடுதியைத் திறந்தார். நம்மிடம் 'கறி' என்றால் பெரும்பாலும் இறைச்சி. மலையாளத்தில் எந்தக் குழம்பும் கறி. ஆங்கிலத்தில் மசாலா சேர்ந்த எதுவும் 'கறி'. எல்லை தாண்டத் தாண்டச் சொல்லின் வயிறு பெருத்துக்கொண்டே போவதைக் கவனிக்கலாம்.

'மிளகுத் தண்ணீர்' அங்கே 'மல்லிகட்டானி' சூப் ஆயிற்று. 'கஞ்சி' சென்று 'காஞ்சி' ஆயிற்று. மாங்காய் 'மேங்கோ' ஆனதும், வெற்றிலை 'பீட்டல்' ஆனதும், சக்கை எனும் பலா 'ஜாக்' ஆனதும் போர்ச்சுகீசிய மாலுமிகளின் புண்ணியம். இலங்கையில் நம் ஆப்பத்தை ஆங்கிலத்தில் 'ஹாப்பர்' என்கிறார்கள். இஞ்சிகூட இஞ்சிவேரிலிருந்து வடமொழி, கிரேக்கம், லத்தீன் என்று பல வீடுகள் மாறித்தான் 'ஜிஞ்சர்' ஆயிற்று. இப்படி இந்தியாவிலிருந்து போன சொற்களையெல்லாம் தொகுத்து யூல், பர்னல் என்ற இருவர் 1886-இல் 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற பேரகராதியை வெளியிட்டார்கள். இவர்களில் பர்னல் நம் சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்தவர்.

கொடுத்தது போலவே வாங்கியதும் உண்டு. கேரளத்து 'இஷ்டு' ஆங்கில 'ஸ்டியூ'. 'கட்லெட்' பிரெஞ்சிலிருந்து வந்தது. வெட்டுவதைக் குறிக்கும் 'கட்' என்ற சொல்லுக்கும் அதற்கும் உறவில்லை. 'ரெஸ்டாரன்ட்' என்ற சொல்லே பிரெஞ்சு. களைத்தவனுக்குத் தெம்பு கொடுக்கும் சாறு என்று தொடங்கி, 18-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் அந்தச் சாறு விற்ற கடைக்கே பெயராகிவிட்டது.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஆட்சியாளர் பேசியது பிரெஞ்சு; உழவர் பேசியது ஆங்கிலம். அதன் சுவடு சாப்பாட்டில் தங்கிவிட்டது. தொழுவத்தில் நிற்கும்போது 'கௌ', தட்டில் வந்தால் 'பீஃப்'. மேயும்போது 'ஷீப்', சமைத்தால் 'மட்டன்'. வளர்த்தவன் வைத்த பெயர் ஒன்று, சாப்பிட்டவன் வைத்த பெயர் வேறு. தோட்டத்தில் உழைப்பவர்களுக்கு இந்தச் சரித்திரத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

துணிந்து ருசி பார்த்தால்

பழகிய இட்லியையே தின்றுகொண்டிருந்தால் வாய் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. விரலை நீட்டினால் போதும். புதிய பண்டம் ஒன்றை முன்னால் வைத்தால்தான் 'இது என்ன? எதில் செய்தது? காரமா? எப்படிச் சாப்பிடுவது?' என்ற கேள்விகள் பிறக்கின்றன. கேள்வி பிறந்தால் சொல் வேண்டும். அந்தச் சொல் நாக்கின் ருசியோடு சேர்ந்து மனத்தில் பதிகிறது.

கப்பையை எடுத்துக்கொள்வோம். நம் பக்கம் மரவள்ளிக்கிழங்கு. தென் அமெரிக்காவிலிருந்து வந்த கிழங்கு இது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதைப் பயிரிடும்படி மக்களை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி வராமல் நின்றபோது கேரளத்து ஏழைகளின் வயிற்றைக் காத்தது இந்தக் கிழங்குதான். இன்று கப்பையும் மீன் குழம்பும் விருந்தாளிக்கு வைக்கும் பெருமை மிக்க பதார்த்தம்.

இந்த ஒரே கிழங்கு எத்தனை சொற்களைக் கொண்டு வருகிறது பாருங்கள்! செடிக்கும் கிழங்குக்கும் 'கசாவா'. 'மேனியாக்' என்றும் சொல்வார்கள். அதன் மாவுப்பொருள் 'டேப்பியோக்கா'. இது பிரேசில் நாட்டுப் பழங்குடியினரின் துப்பி மொழிச் சொல். இந்திய ஆங்கிலத்தில் கிழங்கையே 'டேப்பியோக்கா' என்கிறோம். சேலத்து ஜவ்வரிசி இதிலிருந்து செய்வதுதான். அதை 'சேகோ' என்கிறோம். உண்மையான 'சேகோ' ஒருவகைப் பனையின் மாவு. இன்னொன்றும் உண்டு. சில வகைக் கிழங்கில் நச்சுத்தன்மை இருப்பதால் வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். 'பீல்' என்றால் தோல் உரி, 'பாயில்' என்றால் வேகவை, 'ட்ரெய்ன்' என்றால் வடி. மூன்று வினைச்சொற்களும் உயிர்காக்கும் சொற்கள்.

இனி ஒரு சம்பாஷணை. தேக்கடி ஹோட்டல் ஒன்றில் நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வர்: குட் ஈவினிங், சார். ஆர் யூ ரெடி டு ஆர்டர்?
வந்தவர்: நாட் யெட். குட் யூ டெல் மீ வாட் திஸ் இஸ்?
சர்வர்: இட் இஸ் பாயில்ட் டேப்பியோக்கா வித் ஃபிஷ் கறி.
வந்தவர்: இஸ் இட் வெரி ஹாட்?
சர்வர்: டூ யூ மீன் ஸ்பைசி, சார்? எ லிட்டில். இட் இஸ் ஸவர் டூ.
வந்தவர்: ஐ ஹாவ் நெவர் டேஸ்டட் இட். ஐ வில் ட்ரை இட்.

இந்த ஆறு வரிகளில் ஒரு வாரப் பாடம் இருக்கிறது. 'ஹாட்' என்ற சொல்லைக் கவனியுங்கள். தமிழில் சூடு வேறு, காரம் வேறு. மலையாளத்திலும் சூடு வேறு, எரிவு வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஹாட்' என்ற ஒரே சொல். அதனால்தான் நம் சர்வர் 'ஸ்பைசியா?' என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்கிறார். கெட்டிக்காரத்தனம் என்பது இதுதான். 'எ லிட்டில்' என்றால் கொஞ்சம் உண்டு. 'எ'யை விட்டுவிட்டு 'லிட்டில்' என்றால் அநேகமாக இல்லை என்றாகிவிடும். 'ட்ரை' என்பது முயற்சி செய். உணவு என்று வந்தால் ருசித்துப் பார். புதிய உணவுக்கும் புதிய மொழிக்கும் பொருத்தமான சொல் அது.

அறுசுவைக்கும் பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். இனிப்பு 'ஸ்வீட்', புளிப்பு 'ஸவர்', உவர்ப்பு 'ஸால்ட்டி', கைப்பு 'பிட்டர்', கார்ப்பு 'பஞ்ஜென்ட்', துவர்ப்பு 'அஸ்ட்ரிஞ்ஜென்ட்'. வாழைப்பூவைச் சாப்பிட்டுவிட்டு 'அஸ்ட்ரிஞ்ஜென்ட்' என்று ஒரு தரம் சொன்னால் அந்தச் சொல் ஆயுசுக்கும் மறக்காது.

மரியாதை எங்கே இருக்கிறது?

நம்மவர்களின் ஆங்கிலம் சில சமயம் அதட்டல் போலத் தொனிக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. காரணம் குணம் அல்ல, இலக்கணம். தமிழில் 'தண்ணீர் கொடுங்கள்' என்றால் மரியாதை 'ங்கள்' என்ற விகுதியிலேயே அடங்கியிருக்கிறது. தனியாகத் 'தயவுசெய்து' தேவையில்லை. ஆங்கில வினைச்சொல்லுக்கு அந்த வால் கிடையாது. 'கிவ் மீ வாட்டர்' என்று அப்படியே மாற்றினால் வால் அறுந்து, 'தண்ணி குடு' என்று ஆகிவிடுகிறது. அறுந்த வாலுக்கு ஈடாக 'குட் ஐ ஹாவ் சம் வாட்டர், ப்ளீஸ்?' என்று கேட்க வேண்டும்.

கடையில் 'சேட்டா', 'சேச்சி', 'அண்ணே', 'அண்ணாச்சி' என்று முறை வைத்து அழைத்துப் பழகியவர்கள் நாம். ஆங்கிலத்தில் முறை கிடையாது. 'எக்ஸ்க்யூஸ் மீ' என்ற இரண்டு சொற்கள்தான் அங்கே அண்ணனும் அக்காளும். இலைக்கு மேல் கையை நீட்டிப் 'போதும்' என்பதற்குத் 'தட் இஸ் இனஃப், தேங்க் யூ' போதுமானது.

வீட்டிலேயே தொடங்கலாம்

இதற்குப் பெரிய ஹோட்டலுக்குப் போய்ப் பணத்தைக் கரைக்க வேண்டியதில்லை. வாரம் ஒரு புதிய பண்டம் என்று வைத்துக்கொண்டு, வீட்டிலேயே ஒருவர் சர்வராகவும் ஒருவர் விருந்தாளியாகவும் பேசிப் பழகலாம். முதல் நாள் பெயர். இரண்டாம் நாள் அதில் சேர்ந்த பொருள்கள். மூன்றாம் நாள் செய்முறை வினைச்சொற்கள். நான்காம் நாள் சுவை. ஐந்தாம் நாள் கேள்விகள். ஆறாம் நாள் முழுச் சம்பாஷணை. ஏழாம் நாள் சமைத்துச் சாப்பிட வேண்டியதுதான்.

அப்பா தவறாக உச்சரித்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வீட்டில் சிரித்துப் பழகிய தவறு வெளியில் பயமுறுத்தாது. சொல்லை எழுதும்போது தமிழ்ப் பெயரையும் மலையாளப் பெயரையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். மூன்று பத்தி கொண்ட அந்த நோட்டுப் புத்தகம் ஒரு வருஷத்தில் எல்லைப்புறத்தின் சொந்த அகராதியாகிவிடும்.

பாலக்காட்டுப் பக்கத்து வாசகர்கள் ராமசேரி இட்லியிலிருந்து தொடங்கலாம். தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்களின் கைவண்ணம் அது. மண்பானையின் வாயில் துணியைக் கட்டி, மாவை ஊற்றி, விறகடுப்பில் ஆவியில் வேகவைக்கிறார்கள். 'பாட்', 'க்ளாத்', 'பேட்டர்', 'ஸ்டீம்', 'ஃப்ளாட்', 'ஸாஃப்ட்' என்ற ஆறு சொற்கள் தெரிந்தால் அயல்நாட்டுக்காரர் யாருக்கும் அதை விளக்கிவிடலாம். நம்முடைய பண்டத்தை நாமே விளக்காவிட்டால் வேறு யாராவது அரைகுறையாக விளக்குவார்கள். பெயரும் அவர்களுக்குப் போய்விடும்.

2020-இல் கொரோனா காரணமாக எல்லை அடைக்கப்பட்டபோது, மலைக்கு மேலே வேலையை வைத்துக்கொண்டு கீழே வீடு உள்ளவர்கள் பட்ட பாடு இப்பகுதிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரே தொழில், ஒரே பாதை என்று நம்பியிருந்தால் சாவடி மூடிய அன்று அடுப்பும் மூடிவிடுகிறது. இன்னொரு மொழி என்பது குடும்பத்துக்கு இன்னொரு பாதை. அடுத்த முறை கம்பம்மெட்டில் வண்டி நிற்கும்போது பிள்ளையைக் கூடவே கடைக்குள் அழைத்துச் செல்லுங்கள்; அவன் இதுவரை சாப்பிடாத ஒரு பண்டத்தை அவனையே கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.